லாரி வாங்கும் ஊரும், விமானம் வாங்கும் நாடும்

நாமக்கல்லில் புது லாரி வாங்க நினைப்பவர் நேராக ஷோரூமுக்குப் போக மாட்டார். முதலில் தனக்குத் தெரிந்த பட்டறைக்குப் போய் ஒரு டீ குடிப்பார். ‘இந்த வண்டிக்கு கிளட்ச் எத்தனை நாள் தாங்குது? கியர்பாக்ஸைக் கீழே இறக்கினா சாமான் கிடைக்குதா? நாக்பூர் தாண்டி நின்னுபோச்சுன்னா யாரைக் கூப்பிடறது?’ என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். விலையைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். ஷோரூம்காரர் ஏ.சி.யைப் போட்டு, கூல்டிரிங்க்ஸ் கொடுத்து, மைலேஜ் கணக்கைக் காட்டுகிற நேரத்தில் நம்ம ஆள் மனசுக்குள் முடிவு எடுத்து ஒரு வாரம் ஆகியிருக்கும்.

இந்த வாரம் நான் பேசப்போவது லாரியைப் பற்றி அல்ல. ராணுவத்தின் சரக்கு விமானத்தைப் பற்றி. ஆனால் இந்த நாமக்கல் புத்தி இல்லாமல் அந்த விஷயம் பிடிபடாது என்பதால்தான் பட்டறையில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

போர் விமானம் என்றால் எல்லாருக்கும் தெரியும். 2020 ஜூலையில் ரஃபேல் அம்பாலாவில் வந்து இறங்கியபோது தண்ணீரைப் பீய்ச்சி அடித்து வரவேற்றார்கள். டி.வி.யில் நாள் முழுக்க அதுதான். சரக்கு விமானத்துக்கு அந்த மாதிரி மரியாதை எல்லாம் கிடையாது. வயிறு பெருத்து, காற்றாடி சுழன்று, சத்தம் போட்டுக்கொண்டு வரும். ஆனால் வெள்ளம், பூகம்பம், புயல் என்றால் முதலில் வந்து நிற்பது அதுதான். 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்து மூடியபோது, அரக்கோணம் கடற்படைத் தளத்தில் இருந்துதான் விமானங்கள் போய் வந்தன, ஞாபகம் இருக்கிறதா? மலை உச்சியில் இருக்கும் வீரருக்கு அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், மருந்து, வீட்டில் இருந்து வந்த கடிதம் எல்லாம் போவதும் இதே வயிற்றில்தான்.

நம் விமானப்படையின் ‘அவ்ரோ’ கதையைக் கேளுங்கள். பிரிட்டனில் வடிவமைத்து, கான்பூரில் ஹெச்.ஏ.எல். தயாரித்த விமானம் அது. கான்பூரில் உருவான முதல் அவ்ரோ பறந்தது 1961 நவம்பரில். பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் சரக்கை ஏற்ற வேண்டும். பின்பக்கம் திறந்து சாய்வுப் பலகை இறங்குகிற வசதி கிடையாது. லாரிக்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: பின் டோர் இல்லாத வண்டியில் லோடு ஏற்றி இறக்குவது எப்படி இருக்கும்?

அந்த அவ்ரோவுக்கு மாற்றாக 56 விமானங்கள் வேண்டும் என்று 2013-ல் எட்டு வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அழைப்பு போனது. 16 விமானங்களை அப்படியே பறக்கும் நிலையில் கொடுக்க வேண்டும், மீதி 40-ஐ இங்கே ஒரு தனியார் நிறுவனத்துடன் சேர்ந்து தயாரிக்க வேண்டும் என்பது நிபந்தனை. வந்த விலைப்புள்ளி எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று. ஏர்பஸ்–டாடா கூட்டணி மட்டும்தான்.

ஒருவரே கை தூக்கும் ஏலத்தில் விலை எப்படி இருக்கும் என்று நம் மஞ்சள் மண்டிக்காரர்களைக் கேளுங்கள். அரசுக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. ஒரே ஒரு விலைப்புள்ளியை வைத்து முடிவெடுக்கலாமா, கூடாதா என்று கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது. 2015-ல் ராணுவக் கொள்முதல் கவுன்சில் ஒப்புதல் தந்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 செப்டம்பரில். முதல் விமானம் ஸ்பெயின் நாட்டு செவில் நகரில் நம் கைக்கு வந்தது 2023 செப்டம்பரில். அழைப்பு போனபோது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, விமானம் வந்தபோது பத்தாம் வகுப்பைத் தாண்டியிருக்கும்.

இந்த சி-295 நல்ல விமானம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 5 முதல் 10 டன் எடை தூக்கும். 71 வீரர்கள் உட்காரலாம், அல்லது 50 பேர் பாராசூட்டோடு குதிக்கலாம். பின்பக்கக் கதவு திறக்கும். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான, தார் போடாத மண் ஓடுதளத்தில்கூட இறங்கி ஏறும். மொத்த ஒப்பந்தம் சுமார் 21,900 கோடி ரூபாய். 56-ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 390 கோடி என்று கணக்கு வரும். ஆனால் அப்படி வகுத்துப் பார்ப்பது தப்பு. சேஸிஸ் விலையை மட்டும் பார்த்து லாரி வாங்குகிறவர் யாராவது உண்டா? பாடி கட்ட, டயர், இன்ஷூரன்ஸ், பெர்மிட் எல்லாம் சேர்ந்துதானே வண்டி? விமானத்திலும் உதிரி பாகம், பயிற்சி, சோதனைக் கருவி, இங்கே தொழிற்சாலை போடும் செலவு எல்லாம் அந்தத் தொகைக்குள்தான் அடங்கியிருக்கிறது. ஒரு நாடு வாங்கிய விலையை இன்னொரு நாடு வாங்கிய விலையோடு ஒப்பிட்டு வாட்ஸ்அப்பில் சுற்றும் கணக்குகளை நான் நம்புவதே இல்லை. ஒருவர் சேஸிஸ் விலையைச் சொல்லுவார், மற்றவர் ஆன்-ரோடு விலையைச் சொல்லுவார்.

இனி சாமான் கிடைக்கும் விஷயத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால் முழுக் கதையும் இதில்தான் இருக்கிறது.

1984-ல் இருந்து நம் விமானப்படையில் ஏ.என்-32 வந்து சேர ஆரம்பித்தது. சோவியத் யூனியன் காலத்து விமானம். சூடான ஊரிலும், காற்று மெலிந்த உயரமான இடத்திலும் எழும்ப வேண்டும் என்பதற்காக பலமான என்ஜினை இறக்கைக்கு மேலே தூக்கி வைத்த அமைப்பு. நூற்றுக்கும் மேல் வாங்கினோம். அன்றைக்கு வாங்கியவரைக் குறை சொல்ல முடியாது. லடாக்கிலும் அருணாசலத்திலும் அது உழைத்த உழைப்பு கொஞ்ச நஞ்சம் அல்ல.

ஆனால் 1991-ல் சோவியத் யூனியனே இல்லாமல் போய்விட்டது. விமானத்தைச் செய்த அன்டோனோவ் நிறுவனம் உக்ரைனின் கீவ் நகரில். அங்கேயே கொஞ்சம், நம் கான்பூரில் மீதி என்று நூற்றுச் சொச்சம் விமானங்களைப் புதுப்பிக்க 2009-ல் 40 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டோம். வேலை பாதியில் இருக்கும்போது 2014-ல் உக்ரைனில் சண்டை மூண்டது. சாமான் வரத்து தட்டுத் தடுமாறியது. 2022-ல் முழுப் போரே வந்துவிட்டது. வண்டி நம்முடையது, சாமான் கடை இருக்கும் தெருவில் குண்டு விழுகிறது. இதை 1984-ல் எந்த ஜோசியக்காரர் சொல்லியிருக்க முடியும்?

தமிழ்நாட்டுக்கு இந்த ஏ.என்-32 பெயர் வேறு விதத்திலும் தெரியும். 2016 ஜூலை 22 காலை, தாம்பரத்தில் இருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்-32 வங்கக் கடலுக்கு மேல் காணாமல் போனது. உள்ளே 29 பேர். வாரக்கணக்கில் கப்பலும் விமானமும் தேடின. ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. ஏழரை வருஷம் கழித்து, சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கி நீர்மூழ்கிக் கருவி, சென்னைக் கரையில் இருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் கிடந்த உடைந்த பாகங்களைப் படம் எடுத்தது. 2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் அதை அறிவித்தது. அந்த 29 வீடுகளிலும் அதுவரை வாசல் கதவு சத்தம் கேட்டால் திரும்பிப் பார்த்திருப்பார்கள். விபத்துக்கு இதுதான் காரணம் என்று நான் எதையும் சொல்லவில்லை. எந்த விமானத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும்போது, அந்த மேசையில் டன் கணக்கும் கோடிக் கணக்கும் மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்து, எடையா, இடமா என்ற கேள்வி. நாமக்கல் முட்டை லாரியையும் சேலம் உருக்காலையில் இருந்து எஃகுச் சுருள் ஏற்றி வரும் லாரியையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். எஃகு லாரியில் இரண்டு மூன்று சுருள்தான் இருக்கும். பாதி இடம் காலி. ஆனால் எடை முடிந்துபோச்சு. முட்டை லாரியில் அட்டை மேல் அட்டை அடுக்கி உச்சி வரைக்கும் நிறைந்திருக்கும். எடையோ இன்னும் பாக்கி. விமானத்திலும் இதே கதைதான். ‘பத்து டன் தூக்கும்’ என்று விளம்பரம் சொல்லும். நீங்கள் ஏற்ற வேண்டிய பொருள் உள்ளே நுழையுமா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சி-295-இன் உள் உயரம் 1.9 மீட்டர்தான். ஆறடி ஆள் நிமிர்ந்து நடக்கலாம், அவ்வளவுதான். ஜீப் ஏறும். லாரி ஏறாது.

கொரோனா இரண்டாம் அலை வந்த 2021 ஏப்ரலில் இதை நாடே பார்த்தது. ஆக்ஸிஜன் டேங்கர்களை விமானத்தில் ஏற்றிப் பறந்தார்கள். ஆனால் காலி டேங்கரைத்தான். திரவ ஆக்ஸிஜன் நிரம்பிய டேங்கரை விமானத்தில் கொண்டு போவது ஆபத்து. அதனால் போகும்போது காலி வண்டி வானத்தில். திரும்பும்போது நிறைந்த வண்டி ரயிலிலும் ரோட்டிலும். பாதி நேரமாவது மிச்சம் ஆனது. அந்தக் காலி டேங்கர் ஒன்றும் பெரிய எடை இல்லை. ஆனாலும் சி-17 மாதிரி பெரிய வயிறுள்ள விமானம்தான் அதற்கு வேண்டியிருந்தது. ஏ.என்-32 வாசலில் அது தலையைக்கூட நுழைக்க முடியாது. கேஸ் டேங்கர் ஓட்டும் நம்ம ஊர் டிரைவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

இந்தியாவாவது பெரிய நாடு. சி-17 பதினொன்று, சி-130ஜே பன்னிரண்டு, இல்யூஷின் என்று தினுசு தினுசாக வைத்திருக்கிறது. ஒன்று நின்றால் இன்னொன்று போகும். சின்ன நாட்டு விமானப்படையின் பாடுதான் பாடு.

பரமத்தி ரோட்டில் டேங்கர் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம், “அண்ணா, ஒரே ஒரு வண்டி வச்சுத் தொழில் பண்றதுல என்ன கஷ்டம்?” என்று கேட்டேன். “ஒரு வண்டி வச்சிருக்கறவன் முதலாளி இல்லீங்க தம்பி, வண்டிக்கு வேலைக்காரன். ரெண்டு வண்டி இருந்தா ஒண்ணு ரோட்டுல, ஒண்ணு பட்டறைல. மூணாவது வண்டி வாங்கறப்பத்தான் பார்ட்டிகிட்ட ‘நாளைக்கு லோடு கண்டிப்பா வந்துரும்’னு தைரியமாச் சொல்லலாம்” என்றார். விமானப்படைத் தளபதிகள் மாநாடு நடத்திப் பேசும் விஷயத்தை அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி சொல்லி முடித்துவிட்டார்.

பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 1951-ல் தொடங்கிய சிறிய விமானப்படை. பிரிட்டன் பயன்படுத்திய பழைய சி-130 இரண்டை வாங்கியது. கூடவே உக்ரைன் ஏ.என்-32, சீனாவின் ஒய்-12. கையில் இருப்பதே கொஞ்சம், அதற்கு மூன்று நாட்டில் சாமான் தேட வேண்டும். போர்க் காலத்தில் தரைவழி அடைபட்டபோது யாழ்ப்பாணத்துப் படைகளுக்குப் பலாலிக்குப் போகும் விமானமே முக்கியமான பாதையாக இருந்தது. 1995 ஏப்ரல் கடைசியில் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இரண்டு அவ்ரோ விமானங்கள் பலாலி அருகே சுட்டு வீழ்த்தப்பட்டன. மூன்று நான்கு விமானங்களை நம்பி இருக்கும் படைக்கு இரண்டு போனால் என்ன மிஞ்சும்? 2025 நவம்பரில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டபோது நிவாரணப் பொருட்களோடும் மீட்புக் குழுவோடும் நம் சி-130ஜே-யும் இல்யூஷினும் கொழும்பில் போய் இறங்கின. தன்னிடம் பெரிய வண்டி இல்லாதவனுக்குப் பக்கத்து வீட்டு வண்டிதான் கதி.

இதற்கு ஐரோப்பாவில் சில சின்ன நாடுகள் கெட்டிக்காரத்தனமாக வழி கண்டுபிடித்தன. ஹங்கேரியில் பாபா என்று ஒரு விமானத் தளம். (ஆமாம், ஊர் பெயரே அதுதான்!) அங்கே மூன்று சி-17 நிற்கின்றன. சொந்தக்காரர்கள் பன்னிரண்டு நாடுகள். எஸ்டோனியா, ஸ்லோவேனியா மாதிரி நம் இரண்டு மூன்று மாவட்டம் அளவு மக்கள் தொகைகூட இல்லாத நாடுகளும் அதில் உண்டு, அமெரிக்காவும் உண்டு. யார் எவ்வளவு பணம் போட்டார்களோ, அவர்களுக்கு வருஷத்துக்கு அத்தனை மணி நேரம் பறக்கும் உரிமை. 2009-ல் இருந்து இது நடக்கிறது. நாலு பேர் சேர்ந்து நெல் அறுவடை மெஷின் வாங்கி முறை வைத்துக்கொள்வது போலத்தான். நம்ம ஊரில் அந்த மெஷின் விஷயத்தில் யார் வயலில் முதலில் இறக்குவது என்று வரப்புச் சண்டை வந்துவிடும். அவர்கள் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டார்கள்.

நெதர்லாந்தும் ஆஸ்திரியாவும் வேறு மாதிரி செய்தன. இரண்டும் சேர்ந்து பிரேசில் நாட்டு எம்ப்ரேயரின் சி-390 விமானங்கள் ஒன்பதை ஒரே ஆர்டராக 2024-ல் கொடுத்தன. ஐந்து அவர்களுக்கு, நான்கு இவர்களுக்கு. போர்ச்சுக்கல் ஐந்து ஆர்டர் கொடுத்தது, ஹங்கேரி இரண்டு. இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்ஜின். சி-390-இல் இருப்பது, உலகம் முழுக்கப் பயணிகளை ஏற்றிப் பறந்த பழைய ஏ-320 விமானங்களில் இருக்கும் அதே வி-2500 வகை என்ஜின். அதாவது, எந்தப் பெரிய விமான நிலையத்துக்குப் போனாலும் அதைத் திறந்து மூடத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருப்பார். நாக்பூர் தாண்டி நின்றாலும் கவலை இல்லை!

இப்போது அதே சி-390 நம் வாசலிலும் நிற்கிறது. ஏ.என்-32-க்கு மாற்றாக, 18 முதல் 30 டன் தூக்கும் நடுத்தர விமானம் வேண்டும் என்று நம் விமானப்படை 2022 டிசம்பரில் விவரம் கேட்டது. அதற்குப் பேசப்படுபவை மூன்று. மஹிந்திராவோடு கை கோத்திருக்கும் எம்ப்ரேயர் சி-390. டாடாவோடு இருக்கும் லாக்ஹீட் சி-130ஜே. ஏர்பஸ் ஏ-400எம்.

சி-130ஜே பக்கம் பேச நிறைய இருக்கிறது. நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, பைலட்டும் மெக்கானிக்கும் பழகியிருக்கிறார்கள். 2013 ஆகஸ்டில் லடாக்கின் தௌலத் பேக் ஓல்டியில், 16,600 அடிக்கு மேல் அதை இறக்கிக் காட்டினார்கள். அதன் வால் பகுதி ஹைதராபாத்தில்தான் தயாராகிறது. ஆனால் அது தூக்குவது 20 டன்னுக்கு உள்ளேதான். மலைப் போருக்காக நாம் உருவாக்கியிருக்கும் ‘சோராவர்’ டாங்க் 25 டன். சி-390 சுமார் 26 டன் தூக்கும். டாங்கை ஏற்றினால் கிட்டத்தட்ட முழு லோடு, பெட்ரோலுக்கும் தூரத்துக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். ஏ-400எம் 37 டன் வரை தூக்கும். கேட்டதைவிடப் பெரிய வண்டி. தினமும் அஞ்சு டன் கீரைக்கட்டு ஏற்றுகிறவர் பதினாறு சக்கர வண்டி வாங்கின மாதிரி ஆகிவிடக் கூடாது.

எதை வாங்கலாம் என்று கேட்டால், நான் விமானத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தில் மூன்று பக்கங்களை மட்டும் முதலில் காட்டச் சொல்வேன். சண்டை வந்தாலும் சாமான் தருவேன் என்று எழுதிய பக்கம். என்ஜினை முழுசாகப் பிரித்து மாட்டும் பட்டறை இந்தியாவில் எந்த ஊரில், எந்த வருஷம் வரும் என்று சொல்லும் பக்கம். நூறு விமானம் இருந்தால் ஒரு நாளில் எத்தனை பறக்கத் தயாராக நிற்கும், நிற்காவிட்டால் யார் அபராதம் கட்டுவது என்ற பக்கம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மூன்றில் எதுவானாலும் எனக்குச் சம்மதம். இன்னொன்றும் உண்டு: அவ்ரோ மாதிரி பத்து வருஷம் இழுக்கக் கூடாது. கடைசியில் விமானம் வரும்போது பழையதில் பறந்துகொண்டு இருப்பவரின் பிள்ளை பைலட்டாகி நிற்பார்.

‘இதெல்லாம் சரி, நம்ம பக்கத்துக்கு என்ன கிடைக்கும்?’ என்பீர்கள். 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கி வைத்த தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், கோவை, திருச்சியோடு சேலமும் ஒரு மையம். சி-295 வதோதராவில் உருவாகிறது. 2024 அக்டோபரில் அந்தத் தொழிற்சாலையைத் திறந்தார்கள். 13,000-க்கும் அதிகமான சிறு பாகங்கள் இந்தியாவிலேயே செய்யப்படும் என்பது திட்டம். நடுத்தர விமானமும் வந்தால் இன்னும் எத்தனையோ ஆயிரம் பாகங்கள். லேத் பட்டறைகளுக்கு நல்ல சந்தர்ப்பம்தான். ஆனால் நம் மேஸ்திரிகளின் கண்ணளவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அங்கே செல்லாது. ஒரு சின்ன ஆணி என்றாலும், அது எந்த உலையில் உருக்கிய உலோகம், எந்தத் தேதியில் எந்த மெஷினில் கடைந்தது, யார் அளந்து கையெழுத்துப் போட்டார் என்று காகிதம் கூடவே போக வேண்டும். லாரி பாடிக்கு விதிமுறை வந்தபோதே எத்தனை சின்னப் பட்டறைகள் திணறின என்று பார்த்தோம். மெஷின் வாங்கக் கடன் கொடுப்பதோடு நிறுத்தாமல், இந்தக் காகித வேலையைக் கற்றுக்கொடுக்க ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் வகுப்பு வைத்தால் உருப்படியாக இருக்கும்.

சேலத்துக்காரர்கள் இன்னொன்றும் கேட்பார்கள்: அந்த சி-295 நம்ம காமலாபுரம் விமான நிலையத்தில் இறங்குமா? தாராளமாக இறங்கும். அங்கே ஓடுதளம் சுமார் 1,800 மீட்டர், அதற்கு அதில் பாதிகூட வேண்டாம். 2023 அக்டோபரில் சேவை மீண்டும் தொடங்கிய பிறகு ஓமலூர் பக்கம் வீட்டு மாடியில் நின்று ஏ.டி.ஆர். விமானம் போவதைப் பார்த்திருப்பீர்களே? அதில் சுழலும் என்ஜினும் சி-295-இல் இருக்கும் என்ஜினும் ஒரே கனடா கம்பெனியின் பி.டபிள்யூ-127 குடும்பம். சத்தம்கூட ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும்.